சிலிக்கன் எலியில் பழகினால் போதுமா?

கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் வாசகி ஒருவரின் கேள்வி இது: "30 மாணவர்களுக்கு எலிக்கு வாய்வழியாக மருந்து கொடுக்கவும் வாலில் ஊசி போடவும் பழக்க வேண்டும். சிலிக்கன் எலிப் பொம்மை வாங்கினால் உயிருள்ள எலி தேவைப்படாதா? பெரிய செலவாகுமா?"

அந்த 30 பேரில் உண்மையில் எலியை வைத்து ஆய்வு செய்யப் போகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டு மூன்று பேர் தேறினாலே அதிகம். மற்றவர்களுக்கு உயிருள்ள எலி தேவையே இல்லை, பொம்மையோடு பாடத்தை முடித்துவிடலாம். விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்று ரசல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1959இல் சொன்னதை, விலங்கு ஆய்வுக்கு அனுமதி கொடுக்கும் எதிக்ஸ் கமிட்டியின் படிவத்தில் எல்லோரும் ஒழுங்காக எழுதுகிறோம், செய்முறை வகுப்பு என்று வந்தால் மட்டும் மறந்துவிடுகிறோம். கொழும்பிலிருந்து ஏ9 வீதி வெயிலில் விஸ்டார் என்ற ஆய்வுகூட வெள்ளெலியைக் கொண்டுவந்து, களைப்பு ஆறச் சில நாள் விட்டு, கடைசியில் கை நடுங்குகிற பிள்ளையிடம் கொடுப்பது எலிக்கும் அநியாயம், பிள்ளைக்கும் அநியாயம்.

ஜப்பானில் செய்கிற கோக்கன் எலி என்ற சிலிக்கன் மாதிரியில் நீங்கள் கேட்ட இரண்டையும் பழகலாம். (நெதர்லாந்தில் உருவான பிவிசி எலி நுண்சத்திரசிகிச்சைக்கானது, உங்களுக்கு வேண்டாம்.) கோக்கன் எலியில் பழக வேண்டியது கையின் ஒழுங்கு. நுனி உருண்டையான ஊசியை வாயிலிருந்து கடைசி விலா வரை வெளியே வைத்து அளந்து அடையாளம் போடுவது, மேலண்ணத்தோடு ஒட்டி உள்ளே விடுவது, தடுத்தால் தள்ளாமல் வெளியே எடுப்பது. ஊசி தன் பாட்டில் இறங்க வேண்டும். சிலிக்கன் வழுக்காது, அதனால் ஊசியைச் சவர்க்காரத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பொம்மை திமிறாது, கடிக்காது, மூச்சுத் திணறாது. உணவுக்குழாயா மூச்சுக்குழாயா என்ற சந்தேகம் அதில் பயமாக வராது. அந்த இடைவெளியை நிரப்ப, வேறு ஆய்வின் முடிவில் ஏற்கெனவே கொல்லப்பட்ட எலிகளின் உடல்களை, கமிட்டியின் அனுமதியோடு, உறைபெட்டியில் எடுத்து வையுங்கள். முதல்நாள் இரவே வெளியே எடுத்துக் கரையவிட்டு, நீலச் சாயம் கலந்த தண்ணீரை மாணவர் கையாலேயே கொடுக்க வையுங்கள். கிலோவுக்கு 10 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம், 250 கிராம் எலிக்கு இரண்டரை மில்லிலீற்றர். பிறகு திறந்து பாருங்கள். இரைப்பை நீலமாக இருந்தால் சரி. நுரையீரல் நீலமாக இருந்தால் அந்தப் பிள்ளை திரும்பப் பொம்மைக்குப் போக வேண்டும், அதற்கு மேல் திட்டத் தேவையில்லை.

வாலுக்குப் பொம்மைகூட வேண்டாம். பார்மசியில் விற்கிற பட்டர்ஃப்ளை ஊசியின் மெல்லிய ரியூப்பில் சிவப்புத் தண்ணீரை நிரப்பி, இரண்டு பக்கமும் கட்டி, ஒரு தடித்த றப்பர்க் குழாயின் பக்கவாட்டில் வைத்து, கையுறையின் விரலை வெட்டி மேலே இழுத்து மாட்டினால் போதும். வாலில் உள்ள உண்மையான இரத்த நாளம் இதைவிட மெல்லியது, குத்தினால் சுருங்கும், அதனால் இதில் தேறியவர் எல்லாம் எலியிலும் தேறுவார் என்று நம்பி விடாதீர்கள்.

சரி, அந்த இரண்டு மூன்று பேர்? அவர்கள் எலியைக் கையில் எடுத்துப் பழகுவதிலிருந்து தொடங்கட்டும். மார்பை நெரிக்காமல் பிடிக்க, எலியின் மூச்சைக் கவனிக்க, பயந்த எலியைத் திரும்பக் கூட்டில் விட, இதெல்லாம் உயிரோடுதான் வரும், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரோ மிருக வைத்தியரோ நிற்க வேண்டும். எலிக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அளவு பிழைத்தால் அது திரும்பி வெளியே வராது.

விலைக்கு வருவோம். ஒரு நல்ல பொம்மை ஒரு பீடத்துக்குப் பாரமாக இருக்கலாம், ஆனால் வருடத்தில் சில கிழமைதான் அது பாவனையில் இருக்கும். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இதே செய்முறை நடத்துகிறவர்களோடு கதைத்துச் சேர்ந்து வாங்கினால் மாறி மாறி எடுக்கலாம். பொம்மைக்குள் வெறும் தண்ணீரும் உணவுச்சாயமும் மட்டும் விடுங்கள், சீனிப்பாணி விட்டால் அடுத்த நாளே எறும்பு. பாவித்ததும் குழாய்க்குள் இரண்டு தரம் சுத்தத் தண்ணீர் விட்டு, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட்டு, பவுடர் தூவி மூடி வையுங்கள்.