கம்பஸ் முடிச்ச பிள்ளை வீட்டில இருக்கு, என்ன செய்யிறது?

அக்கா, நேற்று நீங்கள் போனில அழுதது இன்னும் என்ர காதுக்குள்ளயே நிக்குது. "கம்பஸ் முடிச்சவனை கடையில நிப்பாட்டினா சனம் என்ன கதைக்கும்" எண்டு கேட்டீங்கள்.

மகன்ர பைலை நான் பார்த்தனான். டிகிரி சேர்டிபிகேட், ஏஎல் ஓஎல் ரிசல்ட், கிராம சேவகரின்ர கடிதம், எல்லாத்திலயும் பத்துப் பத்து போட்டோகொப்பி, ஓரமெல்லாம் மஞ்சளாகிட்டுது. விடிய மூண்டு மணிக்கு நீங்கள் எழும்பி இடியப்பம் அவிச்சு கொட்டாஞ்சேனை கடைகளுக்குக் குடுத்த காசில அடிச்ச கொப்பி அது, மூண்டு வருஷமா ஒருத்தரும் வாங்கிப் பார்க்கேல்ல எண்டேக்க எனக்கே நெஞ்சு அடைச்சுது.

இது அவன்ர பிழை இல்லை. 1971லயே ஐஎல்ஓ எண்ட சர்வதேச தொழில் அமைப்பின்ர குழு இலங்கைக்கு வந்து, பெடியள் படிச்சிட்டு எதிர்பார்க்கிற வேலையும் நாட்டில இருக்கிற வேலையும் பொருந்தேல்ல எண்டு எழுதி வச்சிட்டுப் போனது. 2022ல கடன் கட்டேலாம நாடே விழுந்த பிறகு இன்னும் இறுகிப்போச்சு.

2020ல கவர்மெண்ட் பட்டதாரிகளை மொத்தமா வேலைக்கு எடுத்த மாதிரி திரும்பவும் எடுப்பாங்கள் எண்டு உங்கட மகன் தம்பி காத்திருக்கிறான். அப்பவும் பயிற்சிக் காலத்தில மாசம் 20,000 ரூபாதான் குடுத்தவை. திரும்ப விண்ணப்பம் கேட்டா எழுதிப் போடட்டும், நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ஆனா அதுவரைக்கும் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கிறதுதான் பிள்ளையை அழிக்குது அக்கா, காசு இல்லாததைவிட அது மோசம்.

செட்டியார் தெருவில உங்கட சொந்தக்காரர் கணக்கு எழுதக் கூப்பிட்டவர் எண்டீங்கள், அதுக்குப் போகட்டும். ஆனா போக முதல் நியமனக் கடிதம் கேட்கோணும், ஈபிஎஃப், அதான் ஊழியர் சேமலாப நிதி, கட்டுறாங்களா எண்டு கேட்கோணும். அவன்ர சம்பளத்தில 8 வீதம் பிடிச்சா முதலாளி 12 போடோணும், ஈடிஎஃப் எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் முதலாளிதான் 3 வீதம் போடோணும். சொந்தக்காரர் எண்டு வெக்கப்பட்டு இதைக் கேட்காம விட்டிடாதீங்கோ.

அங்க நிண்டா சிங்களமும் தானா வரும். ரெண்டு இன்டர்வியூவிலயும் அவன் விழுந்தது அதிலதானே, கேள்வி விளங்கினது, வாய் திறக்கேல்ல எண்டு அவனே எனக்குச் சொன்னவன். கவர்மெண்ட் வேலை கிடைச்சாலும் மற்ற மொழிச் சோதினை பாஸ் பண்ணத்தான் வேணும், ராஜகிரியவில அரச கரும மொழித் திணைக்களத்தில அதை விசாரிக்கலாம்.

சனி ஞாயிறில என்விகியூ, அதான் தேசிய தொழில் தகைமை, லெவல் 4 கோர்ஸ் ஒண்டு, கொம்பியூட்டர் பக்கம், செய்யட்டும். அந்த வரிசையில டிகிரி லெவல் 7, நான் ஏன் 4க்கு இறங்கோணும் எண்டு முகத்தைச் சுளிப்பான், எனக்குத் தெரியும். டிகிரியை ஒருத்தரும் பறிக்கப் போறேல்ல, பக்கத்தில ஒரு கைத்தொழில் இருக்கட்டும்.

ருமேனியாவுக்கு அனுப்புறன் எண்டு ஏஜென்சிக்காரன் காசு கேட்கிறான் எண்டதுக்கு, தாலிக்கொடியை அடகு வைக்காதீங்கோ! பத்தரமுல்லையில வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில அந்த ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா, அந்த வேலைக்கு அனுமதி எடுத்திருக்கா எண்டு ரெண்டையும் பார்க்காம ஒரு சதமும் குடுக்க வேண்டாம்.

வியாழக்கிழமை பின்னேரம் தம்பியை தனிய அனுப்புங்கோ, நீங்கள் கூட வந்தா அவன் கதைக்க மாட்டான். புதுசா கொப்பி ஒண்டும் அடிக்க வேண்டாம், ஒரிஜினலே போதும், சீவியை நானும் அவனும் இருந்து முதலில இருந்து எழுதுறம்.