தோல்வார் யாரைக் காத்தது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய கிரேக்க விளையாட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் மகள் ஓராண்டாகக் குத்துச்சண்டை பழகுகிறாள். கையுறை மாட்டும் முன் நீளமான துணிப்பட்டையை மணிக்கட்டிலும் விரல் முட்டிகளிலும் பொறுமையாகச் சுற்றிக்கொள்வாள். கிரேக்கர்கள் இப்படித்தான் தோல்வாரைச் சுற்றினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது கைக்குப் பாதுகாப்பா, இல்லை ஆயுதமா? ரோமானியர்கள் கையுறைக்குள் இரும்பு வைத்து அடித்துக்கொண்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பாதுகாப்புதான். ஆனால் கட்டியவனின் கைக்கு. எதிரே நிற்பவனின் முகத்துக்கு அல்ல.

கையில் இருப்பவை சின்னச் சின்ன எலும்புகள். மண்டை ஓடு கெட்டியானது. வெறும் முஷ்டியால் தலையில் ஓங்கிக் குத்தினால் பெரும்பாலும் முதலில் உடைவது குத்தியவனின் கைதான். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பு முறிந்தால் அதைக் குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே வெறுங்கைக்காரன் கொஞ்சம் தயங்கித்தான் அடிப்பான். முட்டியையும் மணிக்கட்டையும் இறுகக் கட்டிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். கிரேக்கர்கள் குறிவைத்ததும் தலையைத்தான். அவர்களுடைய மண்பாண்ட ஓவியங்களில் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுவதைக்கூட வரைந்திருக்கிறார்கள்.

பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் குத்துச்சண்டை கி.மு. 688-இல் சேர்ந்தது. சுற்றுகள் கிடையாது, எடைப் பிரிவு கிடையாது. ஒருவன் விழும்வரை, அல்லது விரலை உயர்த்தித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை சண்டை நடக்கும். கையில் மாட்டுத்தோல் வார், 10-12 அடி நீளம். ஹிமாந்தெஸ் என்று பெயர். விரல் நுனிகள் வெளியே தெரியும்படி சுற்றுவார்கள். பன்றித்தோல் வாருக்குத் தடை இருந்தது என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் பிலோஸ்ட்ராடஸ் எழுதியிருக்கிறார். அதனால் வரும் காயம் கடுமையாக வலிக்கும், எளிதில் ஆறாது என்பது காரணம். வார் எதிராளியின் தோலைக் கிழிக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எவ்வளவு கிழிக்கலாம் என்பதற்குத்தான் விதி வைத்தார்கள்.

விரல்கள் வெளியே இருந்ததால் நடந்த ஒரு கொடுமையை பௌசானியஸ் என்ற பண்டைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். ஒலிம்பியாவைப் போலவே கிரேக்கர்கள் கூடிய நெமியா போட்டியில் எபிடாம்னஸ் ஊரைச் சேர்ந்த கிரூகஸும் சிராக்யூஸைச் சேர்ந்த டாமோக்ஸெனஸும் மோதினார்கள். பொழுது சாய்ந்தும் முடிவு வரவில்லை. சரி, ஆளுக்கு ஒரு குத்து, மற்றவன் தடுக்கக் கூடாது என்று சாட்சிகள் கேட்கப் பேசிக்கொண்டார்கள். கிரூகஸ் தலையில் குத்தினான். டாமோக்ஸெனஸ் அவனைக் கையைத் தூக்கச் சொல்லிவிட்டு, விரல்களை நீட்டி விலா எலும்புக்குக் கீழே குத்தினான். நகம் உள்ளே இறங்கிக் குடலைப் பிடுங்கியது. கிரூகஸ் அங்கேயே இறந்தான். ஒரு குத்து என்று ஒத்துக்கொண்டு பல குத்து குத்திவிட்டான் என்று டாமோக்ஸெனஸை வெளியேற்றி, இறந்தவனுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். அன்று கையில் இருந்தது மென்மையான வார், கூரிய வார் இன்னும் வரவில்லை என்கிறார் பௌசானியஸ். அந்த ‘மென்மையான’ என்ற சொல்லை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

கூரிய வார், அதாவது முட்டியின் மேல் கெட்டியான தோல் விளிம்பு வைத்தது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. ரோம் நகரின் பலாட்ஸோ மாஸிமோ அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, 1885-இல் குவிரினல் குன்றில் தோண்டி எடுத்தது. குத்துச்சண்டை வீரன் ஒருவன் உட்கார்ந்தபடி தலையைத் திருப்பிப் பார்க்கிறான். அவன் கைகளைப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே கம்பளி உரோமத்தோடு ஒரு பட்டை. முட்டிகளின் மேல் தோலை அடுக்கித் தைத்த தடித்த வளையம், ஓரம் விளிம்பு கட்டி நிற்கிறது. அப்புறம் முகத்தைப் பாருங்கள். மூக்கு உடைந்திருக்கிறது, காதுகள் வீங்கித் தடித்திருக்கின்றன. கன்னத்து வெட்டுகளில் சிற்பி செம்பைப் பதித்திருக்கிறான். வெண்கலத்தின் நடுவே அது ரத்தமாகவே தெரிகிறது. கைகளில் அவ்வளவு காப்பு, முகத்தில் இவ்வளவு காயம். உங்கள் கேள்விக்கு அந்தச் சிலையே பதில்.

இனி ரோமானியர்களின் இரும்புக்கு வருவோம். அவர்கள் கையுறையின் பெயர் செஸ்டஸ். ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட் காவியத்தின் 5-ஆம் பகுதியில் ஏழு மாட்டுத்தோல் அடுக்கி ஈயமும் இரும்பும் வைத்துத் தைத்த கையுறை வருகிறது. ஆனால் அது முந்தைய தலைமுறை வீரனான எரிக்ஸ் அணிந்தது. அதைப் பார்த்தே எல்லோரும் மிரண்டு போகிறார்கள். கடைசியில் காவிய நாயகன் ஈனியஸ் அதை ஒதுக்கிவிட்டு, மோத வந்த இருவருக்கும் சமமான கையுறைகளைத் தருகிறான். இந்தக் காட்சியை மட்டும் வைத்து ரோமானியர் எல்லோரும் இரும்போடு மோதினார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

மண்ணிலிருந்து கிடைத்தது வேறு மாதிரி. வட இங்கிலாந்தில் ரோமானியர்களின் எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்கு அருகே, விந்தோலாந்தா என்ற ரோமானியக் கோட்டையில் 2017-இல் இரண்டு தோல் கையுறைகளை எடுத்தார்கள். கி.பி. 120-ஐ ஒட்டிய காலம், குதிரைப்படை வீரர்கள் தங்கிய இடம். முட்டிகளை மட்டும் மூடும் சிறு பைகள், உள்ளே திணிப்பு. இரண்டும் ஒரே சோடி அல்ல. பயிற்சிக்கானவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பயிற்சி என்பது இங்கே முக்கியம். பிளேட்டோவின் ‘சட்டங்கள்’ நூலிலும் பழகும் வீரர்கள் வாருக்குப் பதிலாகப் பந்து போன்ற உறைகளைக் கட்டிக்கொள்வதாக வருகிறது. எதிரில் நிற்பவன் நாளைக்கும் பழக வர வேண்டும் என்ற அக்கறை பயிற்சிக் களத்தில் இருந்திருக்கிறது, பரிசு வைத்த களத்தில் இல்லை. உங்கள் மகள் துணிப்பட்டைக்கு மேல் மாட்டும் தடித்த கையுறையை நான் அந்தப் பந்து உறைகளின் வரிசையில்தான் வைப்பேன்.

விந்தோலாந்தா கையுறை ஒன்றில் அதை அணிந்தவனின் முட்டிகள் அழுந்திய தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தை மகளிடம் காட்டுங்கள்.

அன்புடன்.