மகள் போன பின் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். மூத்தவன் முன்பே வெளியூர் போய்விட்டான். இருபத்திரண்டு வயதான இளையவளும் சென்ற மாதம் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளைப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, இனி விடியற்காலையில் எழுந்து சமைக்க வேண்டாம், இரவில் அவள் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. வீட்டில் அவளுடைய பாதி தீர்ந்த தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கண்டதும் அழுதேன். பெற்றவளுக்கு நிம்மதி தோன்றலாமா? கணவரிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

அழுததற்காக நீங்கள் வருந்தவில்லை, நிம்மதி அடைந்ததற்காகவே வருந்துகிறீர்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையின் பசிக்கும் காய்ச்சலுக்கும் தேர்வுக்கும், நேரம் கழித்து வரும் டவுன் பஸ்ஸுக்கும் காது கொடுத்தே பழகிய உடம்பு, காவல் முடிந்தது என்று அறிந்ததும் தளர்கிறது. காத்திருந்தவருக்கு மட்டுமே வாய்க்கும் தளர்ச்சி அது. அன்பு குறைந்ததற்கு அடையாளமாக அதை என்னால் கொள்ள முடியவில்லை.

சங்க நூலான ஐங்குறுநூற்றில், பிரிவைப் பாடும் பாலைப் பகுதியில், 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து' என்று பத்துப் பாடல்கள் உண்டு. காதலனோடு போய்விட்ட மகளை எண்ணித் தாய் வருந்தும் பாடல்கள் அவை. முதற்பாட்டில், சினம் கொள்ள எல்லா உரிமையும் உள்ள அந்தத் தாய், மகள் போன சுரத்தில், அந்த வறண்ட பாலை வழியில், மழை பெய்து வழி இனிதாகட்டும் என்று வேண்டுகிறாள். அறநெறி இதுவெனத் தெளிந்து போனவள் என்றும் மகளைச் சொல்கிறாள். வாழ்த்தாகவே ஒலிக்கும் அந்தப் பாட்டு இரங்கல் என்ற தலைப்பின்கீழ்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். என் மகன் சென்னைக்குப் படிக்கப் போன முதல் ஆண்டில், இரவுதோறும் தொலைபேசியில் "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று கிடக்கிறது" என்பேன். அன்பு என்று எண்ணியே சொன்னேன். அவன் அழைப்பது மெல்லக் குறைந்தது. விடுமுறைக்கு வந்தபோது, "அப்பா, நீங்கள் அப்படிச் சொன்னால் நான் அங்கே சந்தோஷமாக இருப்பதே தப்பு மாதிரித் தோன்றுகிறது" என்றான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது, உங்களைப் போலவே நானும் பிள்ளையை அணைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்றால், அவன்தான் முதலில் அழைக்கிறான். தண்ணீர் பிடித்து வைத்தீர்களா, இரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, டார்ச் எரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். முதல் முறை எனக்குக் கோபம்கூட வந்தது. இப்போது எழுந்து போய் டார்ச்சை எரித்துப் பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன்.

கணவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவருக்கும் சொல்ல ஏதேனும் இருக்கக்கூடும். மகள் அடுத்த முறை அழைக்கும்போது, இன்று ஏழு மணிவரை தூங்கினேன் என்று அவளிடமும் சொல்லுங்கள். அதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும்.