முட்டைக்கோழிக் கொட்டகைக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேண்டும்? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கொட்டகை பக்கவாட்டில் திறந்தது, பகல் வெளிச்சம் தாராளமாக வருகிறது. பிறகு விளக்கு எதற்கு?

பதில்: முட்டையிடும் கோழிக்கு வெளிச்சம் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதைவிட எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதே முக்கியம். கண்ணின் வழியாக மட்டுமன்றி, மண்டை ஓட்டை ஊடுருவியும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள ஒளியுணர் செல்களை வெளிச்சம் எட்டுகிறது. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அது சுரக்கும் ஹார்மோன்கள் வழியே சினைப்பைக்கும் தூண்டுதல் செல்கிறது. பார்வையிழந்த கோழிகூட பகல் நீள்வதை உணர்ந்து முட்டையிடுவது இதனால்தான். பகல் குறுகும் மாதங்களில் இந்தத் தூண்டுதல் தளர்ந்து, முட்டை குறைந்து, சில கோழிகள் இறகு உதிர்க்கவும் தொடங்கும். ஆகவே விடியலுக்கு முன்பும் அந்திக்குப் பின்பும் விளக்கெரித்து, இயற்கை வெளிச்சத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி நேரம் கிடைக்கச் செய்வது வழக்கம்.

கேள்வி: 15 வாரக் கோழிகளுக்கு இப்போதே 16 மணி நேரம் கொடுத்தால் சீக்கிரம் முட்டை கிடைக்குமே?

பதில்: கிடைக்கும், ஆனால் சிறு முட்டையாகக் கிடைக்கும். உடல் எடை தேறாத கோழியை வெளிச்சத்தால் அவசரப்படுத்தினால் முட்டை வெளிவரும் பாதையான கருக்குழாய் வெளித்தள்ளும் தொல்லையும் கூடும். வயதை மட்டும் பார்க்காமல், அந்த இனத்துக்குரிய எடையை மந்தை எட்டிய பிறகு, பெரும்பாலும் 17 அல்லது 18 வாரங்களில், வெளிச்சத்தைக் கூட்டத் தொடங்கி, வாரத்துக்கு அரை மணி நேரமாக உயர்த்திச் செல்லுங்கள். வளரும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது, முட்டையிடும் பருவத்தில் குறைக்கக் கூடாது என்ற விதிக்கு நான் விலக்கு தருவதில்லை. திறந்த கொட்டகையில் இதில் ஒரு சிக்கல் உண்டு: பகல் நீண்டுகொண்டே போகும் மாதங்களில் வளரும் கோழி, நீங்கள் விளக்கைத் தொடாமலேயே முன்கூட்டிப் பருவமடையும். வளர்ப்புக் காலத்தில் வரவிருக்கும் மிக நீண்ட பகலைக் கணக்கிட்டு, அதே அளவு வெளிச்ச நேரத்தை ஆரம்பம் முதல் மாறாமல் வைத்திருப்பதே இதற்கு வழி.

கேள்வி: மேல் அடுக்குக் கூண்டுகளில் மட்டும் கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன. விளக்குதான் காரணமா?

பதில்: விளக்குக்கு அருகிலுள்ள அடுக்கு என்பதால் முதலில் அதைச் சந்தேகிக்கலாம், தீவனக் குறைபாடும் நெரிசலும்கூடக் கொத்தலைத் தூண்டும். வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகில் காட்டும் லக்ஸ் மீட்டரைத் தீவனத் தொட்டியருகே, கோழியின் தலை உயரத்தில் பிடித்து, எல்லா அடுக்குகளிலும் அளந்து பாருங்கள். முட்டையிடும் கோழிக்கு 10 முதல் 20 லக்ஸ் போதும். மேலே அதைப் பல மடங்கு தாண்டியும் கீழே மங்கியும் இருந்தால், எல்லா விளக்கையும் மங்கச் செய்வது தீர்வாகாது; கீழ் அடுக்கின் கோழிகள் தீவனம் எடுப்பது குறையும். குறைந்த வாட் பல்புகளை நெருக்கமாக மாட்டி ஒளியைப் பரவச் செய்யுங்கள். தூசி படிந்த பல்பைத் துடைத்த பிறகு அளந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

கேள்வி: எந்த நிற எல்இடி நல்லது?

பதில்: சிவப்புக் கதிர்கள் மண்டை ஓட்டை எளிதில் ஊடுருவுவதால், அவை அதிகமுள்ள மஞ்சள் சாயல் வெள்ளை விளக்கு, அதாவது ஏறத்தாழ 2700 முதல் 3000 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அலகு) வரையுள்ளது, முட்டைப் பருவத்துக்குப் பொருந்தும். நிறத்துக்கு நிகராகச் சிமிட்டலையும் கவனியுங்கள்: மனிதக் கண்ணுக்குத் தெரியாத வேகமான சிமிட்டலைக் கோழி காணும். ஒத்துப்போகாத டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டிய மலிவான எல்இடி இந்தக் குறையை உண்டாக்கலாம்.

கேள்வி: வெயில் காலத்தில் கோழிகள் பகலில் தீவனம் எடுப்பதில்லை. இரவு முழுவதும் விளக்கு எரியவிடலாமா?

பதில்: வேண்டாம். கோழிக்கு இருளும் தேவை. நள்ளிரவில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் மட்டும் விளக்கெரித்துத் தீவனமும் குளிர்ந்த நீரும் கொடுக்கலாம். முட்டை ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், அப்போது கிடைக்கும் கால்சியம் ஓட்டுக்கும் உதவும். அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது மூன்று மணி நேரம் தொடர்ந்து இருட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி அதை நாளின் நீட்சியாகவே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அடிக்கடி மின்வெட்டு வருகிறது. முட்டை குறையுமா?

பதில்: எப்போதாவது ஓரிரவு தடைபட்டால் பெரிய பாதிப்பு இராது, நாள்கணக்கில் தொடர்ந்தால் குறையும். விளக்கைக் குறித்த நேரத்தில் தானாக எரியவும் அணையவும் செய்யும் டைமர், பேட்டரி இல்லாததாக இருந்தால், மின்சாரம் நின்ற நேரம் முழுவதும் தானும் நின்று, பிறகு பின்தங்கியே ஓடும். அதனால் விடியற்காலை விளக்கு சூரியன் வந்த பிறகு எரிவதைப் பல பண்ணைகளில் காணலாம். மின்வெட்டு முடிந்ததும் டைமரின் நேரத்தைச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். இழந்த மணிகளை ஈடுகட்டுவதற்காக மறுநாள் கூடுதலாக எரிக்க வேண்டாம்.