விரல் வைக்காமலே ஊதும் ஆர்மோனியக் கட்டை: இன்று ராத்திரிக்குள் சரிசெய்ய

நாடகத்துக்கு வாசிக்கும் உங்கள் ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கட்டை விரல் வைக்காமலே ஊதுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்பலகையைக் கழற்றுங்கள். ஊதுகிற கட்டையின் முன்நுனியை விரலால் லேசாக மேலே தூக்கியபடி துருத்தியை அடியுங்கள். சத்தம் நின்றால் கட்டை பக்கத்துக் கட்டையில் உரசுகிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. நிற்காவிட்டால் பின்பக்கம் துளையை மூடும் தோலில் மணல் இருக்கிறது.

மேலூர்ப் பக்கம் மூன்று ராத்திரி தொடர்ந்து நாடகம், பெட்டி வேன் கூரையில் என்கிறீர்கள். அப்படியென்றால் எனக்குப் பனிமேல்தான் சந்தேகம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், திறந்த மேடையில் விடிய விடிய இருக்கும் மரக்கட்டை ஈரத்தில் உப்பாமல் என்ன செய்யும்?

உரசல் என்றால் இரண்டு கட்டைக்கும் நடுவே மெல்லிய உப்புத்தாளை நாலைந்து முறை இழுத்தால் போதும். தளர்ந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் வளைத்து இறுக்கலாம். தோலை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். அப்புறம், கப்ளர் (ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து அழுத்தும் அமைப்பு) இருக்கிற பெட்டியென்றால் இதற்கெல்லாம் முன்னால் அதை அணைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை அதை மறந்து அரைநாள் வீணாக்கினேன்.

எதுவும் பலிக்கவில்லையா? அந்தத் துளைமேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு சுரம் ஊமையாகும், அவ்வளவுதான். ஆனால் அது கதாநாயகனாகப் பாடி நடிக்கும் ராஜபார்ட்டின் ஆதார சட்ஜமாக, அதாவது அவர் பாட்டுக்கு அடிப்படையான ‘ச’வாக இருந்தால் வேறு பெட்டி இரவல் வாங்குவதே நல்லது.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், வெயிலிலும் காயவைக்காதீர்கள். சத்தம் எழுப்பும் உலோக நாக்கான ரீடைக் கத்தியால் சுரண்டினால் சுருதியே மாறிவிடும், அதை மதுரையில் பெட்டி ரிப்பேர் செய்பவரிடம் விடுங்கள்.