நான்கு டம்ளர் பால் குடித்த பிறகு பசி எங்கிருந்து வரும்?

கேள்வி: என் மகனுக்கு இரண்டே முக்கால் வயது, எடை 12.5 கிலோ. நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். மிக்ஸியில் அடித்த பருப்பு சாதம், தயிர் சாதம் தவிர எதையும் தொட மாட்டான். செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறப்பான். ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் இழுக்கிறது. சத்து பவுடர் கலந்த பால் மட்டும் நான்கு டம்ளர் குடித்துவிடுவான். பார்ப்பவர்களெல்லாம் "இளைச்சுப் போயிட்டானே" என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: எடையைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். இந்த வயதுப் பையனுக்கு 12.5 கிலோ இயல்பான அளவுதான். முதல் வயதில் பிறந்த எடையைப்போல மூன்று மடங்கு ஆகிற குழந்தை, இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். அவனுடைய வளர்ச்சி அட்டையில் கோடு சீராக ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது பால்தான். நான்கு டம்ளர் என்றால் 600 மில்லிக்குக் குறையாது. அந்தச் சின்ன வயிற்றில் அப்புறம் சோற்றுக்கு இடம் ஏது? பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தும் பால் அதிகமானால் உடம்பில் சரியாகச் சேராது. பால் மட்டும் குடித்துக் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைகளுக்கு ரத்தசோகை இருப்பதை என் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு சின்ன டம்ளர் போதும். அதையும் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள். பவுடரை நிறுத்திவிடுங்கள். பல பவுடர்களில் சர்க்கரை அதிகம். இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று மத்திய அரசே 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது.

அடுத்தது செல்போன். அதைப் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. நாக்கில் என்ன பட்டது என்பதும் மனதில் பதியாது. நிறுத்தினால் இரண்டு மூன்று நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். ஓடியாடி விளையாடுகிற பிள்ளை அதனால் ஒன்றும் ஆகிவிட மாட்டான். என்ன சமைப்பது, எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடலாம். திட்டவும் வேண்டாம், "இதைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்ற பேரமும் வேண்டாம். அடுத்த வேளை வரை பிஸ்கட், முறுக்கு எதுவும் கண்ணில் படக் கூடாது.

மிக்ஸிக்கு இனி வேலையே இல்லை. ஒரு வயதிலேயே வீட்டுச் சாப்பாட்டை மென்று பழக வேண்டும். முதலில் கையால் மசியுங்கள், அப்புறம் அதையும் குறையுங்கள். பிடித்த தயிர் சாதத்தின் ஓரத்தில் அவரைக்காய்ப் பொரியலோ, முருங்கைக்கீரையோ, முள் எடுத்த வஞ்சிரமோ ஒரு ஸ்பூன் வையுங்கள். தொடாவிட்டாலும் பேசாமல் இருங்கள், மறுபடி இன்னொரு நாள் வையுங்கள். ஒரு புது ருசி பழக பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். இரண்டாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். இரவிலாவது எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து, அவனுக்கும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிடுங்கள். சிந்தட்டும், பூசிக்கொள்ளட்டும். வீட்டில் முட்டையைத் தொடாத பிள்ளை அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறது!

உங்கள் மாமியாரிடம் இதைக் குறையாகச் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் பொறுமையாக ஊட்டுகிறவருக்குப் பேரன்மேல் எவ்வளவு பாசம் இருக்க வேண்டும்! அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்போதே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 11-க்குக் கீழே இருந்தாலோ, பையன் வெளிறித் தெரிந்தாலோ, மண், சாக்பீஸ் தின்றாலோ மருந்து தேவைப்படும்.

கேள்வி: மெரினாவுக்குப் போனால் மூன்று வயது மகள் சுண்டல் கேட்கிறாள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: சுண்டல் நல்ல உணவு, ஆனால் பீச்சில் வேண்டாம். ஓடிக்கொண்டே சாப்பிடும்போது முழுக் கடலை மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. வேர்க்கடலையையும் முழு திராட்சையையும் ஐந்து வயது வரை அப்படியே கொடுக்காதீர்கள். வீட்டில் கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து, தோல் நீக்கி நசுக்கி, தேங்காய்த் துருவல் போட்டு, உட்கார வைத்துக் கொடுங்கள்.