வாசகர் கேள்வி – பதில்: ஒரு பெயர், இரு கோட்பாடுகள்

கேள்வி: கணினி அறிவியல் படிக்கும் என் மகளும் பொருளியல் படிக்கும் என் மகனும் ‘சிக்கல்தன்மைக் கோட்பாடு’ என்று சொல்வது ஒன்றையேதானா? — வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: பெயர் ஒன்று, பொருள் வேறு. உங்கள் மகளின் துறையில், ஒரு கணக்கைத் தீர்க்க எவ்வளவு நேரமும் நினைவகமும் தேவைப்படும் என்பதே கேள்வி. கிருஷ்ணகிரி மண்டியிலிருந்து புறப்படும் மாங்காய் லாரி 10 ஊர்களுக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால், போகக்கூடிய வரிசைகள் 36,28,800. போச்சம்பள்ளியைப் பதினோராவது ஊராகச் சேர்த்தால் அது 3,99,16,800 ஆகிவிடும். இவற்றுள் மிகக் குறைந்த தூரமுள்ள வரிசை எது என்பது போன்ற கணக்குகளுக்கு விரைவான பொதுவழி உண்டா என்ற கேள்விக்கு 1971இல் கணினி அறிவியலாளர் ஸ்டீபன் குக் தெளிவான வடிவம் கொடுத்தார். விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

உங்கள் மகன் சொல்வது, பலர் ஒருவரையொருவர் பார்த்து நடந்துகொள்ளும்போது யாரும் திட்டமிடாமல் உருவாகும் ஒழுங்கைப் பற்றியது. அதே மண்டியில் விடியற்காலையில் ஒருவர் பெங்களூரா மாங்காயைக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்க, பக்கத்துக் கடைக்காரரும் குறைக்க, செய்தி எட்டிய தோப்புக்காரர் பறிப்பை நிறுத்த, வரத்துக் குறைந்து விலை மறுபடி ஏறுகிறது. அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட சாண்டா ஃபே ஆய்வு நிறுவனம் இவ்வகை அமைப்புகளையே ஆராய்கிறது. சூழலியலாளர்களும் இப்பொருளிலேயே பேசுகிறார்கள். மேலாண்மை நூல்களிலோ இச்சொல் பெரும்பாலும் உவமையாகவே வருகிறது. அதைக் கோட்பாடு என்று சொல்ல நான் தயங்குவேன்.